வெள்ளியாழ்ச்சச் சொத்தும் திங்களாழ்ச்சச் சொத்தும்: இலட்சத்தீவில் தாய்வழித் தாயமும் ஷரீஅத்தும்

இலட்சத்தீவின் மலையாளம் பேசும் தீவுகளில் சொத்து இரண்டு வகைப்படும். ஒன்று வெள்ளியாழ்ச்சச் சொத்து; மற்றொன்று திங்களாழ்ச்சச் சொத்து. ஆழ்ச்ச என்பது மலையாளத்தில் கிழமையைக் குறிக்கும் சொல். எனவே, தமிழில் இவற்றை வெள்ளிக்கிழமைச் சொத்து, திங்கட்கிழமைச் சொத்து என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிடலாம். ஆனால் அவ்வாறு பெயர்ப்பதால் பொருள் விளங்கிவிடாது. தறவாடு எனப்படும் தாய்வழிக் குடும்பத்திற்கு உரிய, தனி எவருக்கும் சொந்தமாகாத, பெண்கள் வழியாக மட்டுமே இறங்கும் உடைமை வெள்ளியாழ்ச்சச் சொத்து. தனி ஒருவருக்கு உரியதும், அவர் இறந்தபின் குர்ஆன் விதித்துள்ள பங்குகளின்படி அவருடைய மக்களுக்கும் மனைவிக்கும் பெற்றோருக்கும் பிரிவதும் திங்களாழ்ச்சச் சொத்து. முன்னதை ஆள்வது மருமக்கத்தாயம். பின்னதை ஆள்வது ஷரீஅத்து. ஒரே மனிதர், ஒரே பள்ளிவாசலில் தொழுபவர், இரண்டு சட்டங்களுக்கும் ஒருசேர உட்பட்டவராக வாழ்ந்தார்.

இந்த ஏற்பாட்டை இஸ்லாமியச் சட்டத்தின் மீது உள்ளூர் வழக்கம் பெற்ற வெற்றி என்று சிலரும், முற்றுப்பெறாத இஸ்லாமியமயமாக்கம் என்று வேறு சிலரும் எழுதியுள்ளனர். இரண்டு விளக்கங்களும் இரு சட்டங்களும் ஒரே பொருளைப் பற்றி எதிர்எதிராகப் பேசுகின்றன என்னும் எடுகோளின்மேல் நிற்பவை. தீவினரின் சொல்லாட்சி இவ்வெடுகோளுக்கு இடந்தரவில்லை. அவர்கள் சட்டங்களைக் கலக்கவில்லை, பொருளைப் பிரித்தனர், பிரித்த பொருளுக்குப் பெயரிட்டனர். அப்பெயர்கள் இருக்கும்வரை மோதலுக்கான வாய்ப்புக் குறைவாகவே இருந்தது. பெயர்கள் வேறு மொழிகளின் சட்டச் சொற்களாக மாறியபோதும், பெயர்களுக்கு அடங்காத புதிய சொத்துகள் தோன்றியபோதும்தான் சிக்கல் எழுந்தது.

தாயச் சொற்கள்

மருமக்கத்தாயம் என்னும் சொல்லைத் தமிழ் வாசகர் முதலில் தவறாகவே புரிந்துகொள்ளக்கூடும். இக்காலத் தமிழில் மருமகன் மகளின் கணவன். மருமக்கத்தாயத்தில் வரும் மருமகனோ சகோதரியின் மகன். முறைமணம் வழங்கிய சமூகங்களில் இவ்விருவரும் பெரும்பாலும் ஒருவரே ஆதலால் ஒரு சொல் இரு உறவுகளுக்கும் பொதுவாயிற்று. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே நிலவிய மருமக்கள் வழியைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ எள்ளி நகையாடியதால் இப்பொருள் தமிழிலக்கிய வாசகருக்கு முற்றிலும் புதியதன்று. தாயம் என்பது உரிமைப் பங்கு. மக்கத்தாயத்தில் ஒருவரின் உரிமை அவருடைய மக்களுக்குச் செல்கிறது; மருமக்கத்தாயத்தில் சகோதரியின் மக்களுக்குச் செல்கிறது.

இதற்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. மாமன் இறந்தபின் மருமகன் சொத்தைப் ‘பெறுகிறான்’ என்று சொல்வதே சரியன்று. தறவாட்டின் உடைமை தறவாட்டுக்கு உரியது. தலைமை தாங்கும் காரணவர் அதை நிருவகிப்பவரேயன்றி உரிமையாளர் அல்லர். அவர் இறந்தால் நிருவாகம் மட்டும் அடுத்தவர் கைக்கு மாறுகிறது. இஸ்லாமியச் சட்டத்தின் வாரிசுப் பிரிவோ ஒருவருடைய இறப்பில் தொடங்குவது. இறந்தவர் விட்டுச்சென்ற உடைமையைப் பங்கிடுவது. உரிமையாளர் எவரும் இறக்காத இடத்தில் அப்பிரிவு நுழைவதற்கு வாயில் இல்லை. தறவாட்டு உடைமையை வக்ஃபு போன்றதாகக் கருதும் வாதம் இந்த இடத்தில்தான் வேர்கொள்கிறது. தனி உரிமை நீங்கிய பொருள், பயன் மட்டும் வழிவழி நுகரப்படும் பொருள் என்னும் அளவில் இரண்டும் ஒப்புமை உடையன. ஆயினும் ஒப்புமை முழுமையானதன்று. வக்ஃபுக்கு அதனை ஏற்படுத்தியவர் ஒருவர் வேண்டும். தறவாட்டைத் தொடங்கிய தாய் அப்படி ஒரு செயலைச் செய்தவளாக எவரும் சொல்வதில்லை.

கரையும் தீவும்

இலட்சத்தீவின் தாய்வழி முறை வடமலபாரின் தாய்வழி முறையோடு தொடர்புடையது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அரபியில் எழுதப்பட்ட ஷைகு ஸைனுத்தீன் மக்தூமின் ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ நாயர்களின் தாய்வழி உரிமையை விவரித்து, கண்ணூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உள்ள முஸ்லிம்களில் பெரும்பாலோரும் அதனைக் கைக்கொண்டதைக் கூறுகிறது. எனவே மார்க்க அறிஞர் இவ்வழக்கத்தை அறியாதிருந்தனர் என்பதற்கில்லை. கண்ணூர் அரக்கல் அரச குடும்பமே தாய்வழியினது. ஆண் தலைமை ஏற்றால் ஆலி ராஜா. பெண் தலைமை ஏற்றால் பீவி. தீவுகள் நெடுங்காலம் இக்குடும்பத்தின் ஆட்சியில் இருந்தன. அமினி முதலிய வடக்குத் தீவுகள் 1787இல் திப்பு சுல்தானிடமும், 1799க்குப் பின் கும்பினியிடமும் சென்றன. தெற்குத் தீவுகளின் நிருவாகத்தை 1875இல் ஆங்கில அரசு எடுத்துக்கொண்டது. 1908இல் உரிமையும் அதற்கே மாறியது. வடக்குத் தீவுகளை ஆள அமர்த்தப்பட்ட அலுவலர் மணியக்காரர், தெற்கில் அமீன். ஒன்று தமிழ் நாட்டார்க்கு நன்கு பழகிய பெயர், மற்றொன்று அரபு. சிறு தீவுக்கூட்டம் ஒன்றின் ஆட்சிச் சொற்களிலேயே இவ்விரு மரபுகளும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருந்தன.

தீவுகளில் வயலில்லை, தென்னையே செல்வம். நிலம் ஒருவருக்கும், அதில் நிற்கும் மரங்கள் வேறொருவருக்கும் உரியவையாக இருப்பது அங்கே இயல்பு. கொப்பரையும் கயிறும் ஓடங்களில் கரைக்குச் சென்றன; அரிசி திரும்பி வந்தது. கயிற்று வாணிகம் ஆட்சியாளரின் தனியுரிமையாக இருந்தது. இவ்வகைப் பொருளாதாரத்தில் ஆண்கள் மாதக்கணக்கில் கடலில் இருப்பர்; வீடும் மரமும் பெண்களிடம் நிலைத்திருக்கும். தாய்வழி முறை நிலைபெற்றதற்கு இதுவே முழுக் காரணம் என்று கொள்வது மிகை. எனினும் முறைக்கும் தொழிலுக்கும் பொருத்தம் இருந்தது என்பதை மறுக்கவியலாது.

திருமணம் முழுவதும் ஷாஃபியீ மத்ஹபின்படி நடந்தது. மஹர், நிக்காஹ், தலாக், இத்தா ஆகிய அனைத்தும் உண்டு. ஆனால் மணமகள் வீடு மாறுவதில்லை. கணவன் இரவில் மனைவியின் தறவாட்டுக்கு வந்து, காலையில் தன் தறவாட்டுக்குத் திரும்புவான். கல்பேனித் தீவை ஆய்ந்து லீலா துபே 1969இல் வெளியிட்ட ‘மேட்ரிலினி அண்ட் இஸ்லாம்’ என்னும் நூல் இவ்வாழ்க்கையை விரிவாக விளக்குகிறது. ஒரே சட்டச் சொல் இரு சமூகங்களில் எவ்வாறு இரு வேறு பொருளைத் தருகிறது என்பதற்குத் தலாக் நல்ல சான்று. கணவன் வீட்டில் வாழும் பெண்ணுக்குத் தலாக் என்பது வீட்டையும் இழப்பது. தீவில் மணவிலக்கு அடிக்கடி நிகழ்ந்தது. ஆயினும் விலக்கப்பட்ட பெண் தன் தாயின் வீட்டிலேயே, தன் மக்களோடு, தன் மரங்களின் விளைவை நுகர்ந்து இருந்தாள். சட்ட நூலில் ஓரெழுத்தும் மாறவில்லை. விளைவு மட்டும் வேறாயிற்று.

கணவன் மனைவியைப் பேணவேண்டும் என்பது ஷரீஅத்தின் விதி. தீவில் அப்பொறுப்பின் பெரும்பகுதியைத் தறவாடே ஏற்றது. கணவன் குறித்த காலங்களில் தரும் பணமும் துணியும் பிற பொருள்களும் விதியை நிறைவேற்றியதாகக் கொள்ளப்பட்டன. இஸ்லாமியச் சட்டவியலில் உர்ஃபு அல்லது ஆதத்து என்று வழங்கும் ஊர் வழக்கத்திற்கு இத்தகைய இடங்களில் மதிப்புண்டு. பேணுதல் கடமை என்று விதி சொல்லும். எவ்வளவு, எவ்வகையில் என்பதை ஊர் வழக்கம் சொல்லும். ஆனால் வாரிசுப் பங்குகள் எண்களாகவே விதிக்கப்பட்டவை. அங்கே உர்ஃபுக்கு இடமில்லை. பேணுதலில் வழக்கத்தைத் தழுவிக்கொண்ட அதே அறிஞர்கள் பங்கீட்டில் அதனைத் தழுவ முடியாமைக்குக் காரணம் இதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலபாரில் ஸனாவுல்லா மக்தித் தங்கள் முதலிய சீர்திருத்தக்காரர்கள் மருமக்கத்தாயத்தை எதிர்த்தபோது அவர்கள் சுட்டிய குறையும் இதுவே.

மலையாளக் கரைக்கு அப்பாலும் இதே பிளவு காணப்படுகிறது. சுமத்திராவின் மினாங்கபாவ் மக்கள் முஸ்லிம்கள், தாய்வழியினர். அவர்களிடம் முன்னோரிடமிருந்து தாய்வழி இறங்கும் ‘உயர்ந்த’ மரபுச் சொத்து என்றும், ஒருவர் தம் உழைப்பால் தேடிய சொத்து என்றும் இரு பெயர்கள் உண்டு. மக்காவில் இமாமாக இருந்த மினாங்கபாவ் அறிஞர் அகமது காத்திபு மரபுச் சொத்து முறையைக் கடுமையாகக் கண்டித்தார். அவருடைய மாணவர் அப்துல் கரீம் அம்ருல்லாவோ அதனை வக்ஃபுக்கு ஒப்பானதாகக் கண்டு ஏற்றார். 1952இல் புக்கித்திங்கியில் கூடிய உலமாக்களும் வழக்கத் தலைவர்களும் முன்னதற்கு வழக்கம், பின்னதற்கு ஷரீஅத்து என்று வரையறுத்தனர். தீவினர் இரு கிழமைப் பெயர்களால் செய்ததை அங்கே ஒரு மாநாடு செய்தது.

நீதிமன்றத்தின் மொழி

மலபார்க் கரையில் இதே பணியைச் சட்டமன்றம் செய்யவேண்டியதாயிற்று. 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த திட்டம் வாரிசுரிமை, திருமணம் முதலியவற்றில் முகமதியருக்குக் குர்ஆனின் சட்டம், இந்துக்களுக்குச் சாஸ்திரத்தின் சட்டம் என்று விதித்தது. ஒரு சமயத்தார்க்கு ஒரு சட்டம் என்னும் இக்கணக்கில் மாப்பிள்ளைமார் அடங்கவில்லை. அவர்களுடைய தறவாட்டை நீதிமன்றங்கள் ஆங்கிலத்தில் ‘கூட்டுக் குடும்பம்’ என்றே எழுதின. மிதாட்சர இந்துச் சட்டத்தில் தந்தை, மகன், பேரன் எனத் தொடரும் கூட்டுரிமைக்குப் பயன்பட்ட சொல் அது. பின்னர், தனி மனிதர் தேடிய பொருளும் அவர் உயில் எழுதாது இறந்தால் மருமக்கத்தாய வழியில் தறவாட்டுக்கே சேரும் நிலை எழுந்தது. உழைத்துத் தேடிய தந்தையின் பொருளில் மக்களுக்குப் பங்கில்லை என்றாயிற்று. 1918ஆம் ஆண்டின் மாப்பிள்ளை வாரிசுரிமைச் சட்டம் இதனை மாற்றி, தறவாட்டு உடைமையல்லாத தனிப்பொருள் இஸ்லாமியச் சட்டப்படி இறங்கும் என்றது. 1928இல் உயில் பற்றிய சட்டமும், 1939இல் தறவாட்டைப் பிரித்துக்கொள்ள வழிசெய்த சட்டமும் வந்தன.

இவற்றுள் மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டிய ஒரு சிறு செய்தி உண்டு. திங்களாழ்ச்சச் சொத்தைச் ‘சுயார்ச்சிதம்’ என்றும், வெள்ளியாழ்ச்சச் சொத்தைப் ‘பூர்விகச் சொத்து’ என்றும் பெயர்ப்பது எளிது. பலரும் அவ்வாறே செய்கின்றனர். ஆனால் ஒருவர் தேடிய தோப்பு அவர் இறந்தபின் ஷரீஅத்துப்படி மகளுக்கு வந்தால், அது மகளிடத்திலும் திங்களாழ்ச்சச் சொத்தே. அவள் அதைத் தேடவில்லை, தந்தையிடமிருந்து பெற்றாள். எனவே சுயார்ச்சிதம் என்னும் சொல் அங்கே பொய்யாகிவிடும். மறுதலையாக, தறவாட்டின் தன்மை வாய்ந்த உடைமை எல்லாம் பூர்விகமானதும் அன்று. கரையில் ஒருவர் தம் மனைவிக்கும் மக்களுக்கும் சேர்த்துக் கொடுக்கும் பொருள் புத்திராவகாசம் எனப்படும். அவ்வாறு பெற்ற மனைவியும் மக்களும் மருமக்கத்தாயத்தைப் பின்பற்றுபவர்களாயின் அதனைத் தறவாட்டு உடைமையின் இயல்புகளோடு வைத்திருப்பர் என்று 1890களில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. வழக்கு மாப்பிள்ளைக் குடும்பம் ஒன்றைச் சார்ந்தது. கொடையாகிய ஹிபா இஸ்லாமியச் சட்டத்தின் செயல். அதனால் விளைந்ததோ தாய்வழி உடைமை. ஆகவே இரு பெயர்களும் பொருள் எங்கிருந்து வந்தது என்பதைக் குறிக்கவில்லை. அது இனி எவ்வழியில் செல்லும் என்பதையே குறிக்கின்றன.

தமிழில் ‘வழக்கு’ என்னும் சொல் உலகியலில் வழங்கிவருவதையும் குறிக்கும். நீதிமன்றத்தில் தொடுக்கப்படுவதையும் குறிக்கும். வழங்கிவரும் ஒன்று எவராலோ மறுக்கப்படும்போதுதான் வழக்காகிறது என்பதை இச்சொல்லைக் கொண்டு வேடிக்கையாகச் சொல்லலாம். ஆங்கிலச் சட்டம் வழக்கத்தை ஏற்க, அது தொன்மையானது, மாறாதது, ஐயமற்றது என மெய்ப்பிக்கக் கேட்டது. நடப்பில் நெகிழ்ந்துகொடுத்த ஒன்று ஆவணத்தில் உறைந்தது இதனாலேயே.

இவ்வுறைதலின் கொடிய வடிவம் பஞ்சாபில் நேர்ந்தது. அங்கே நில வரித் திட்ட அதிகாரிகள் ‘ரிவாஜ்-ஏ-ஆம்’ என்னும் பெயரில் இனந்தோறும் வழக்கங்களைக் கேட்டுப் பதிவு செய்தனர். 1872ஆம் ஆண்டின் பஞ்சாப் சட்டங்கள் சட்டம் வாரிசுரிமையில் முதலிடத்தை வழக்கத்திற்கே தந்தது. கேள்விகளுக்கு விடை சொன்னவர்கள் ஆண்கள். குறிப்பாக நிலமுடைய ஆண்கள். மகளுக்கு நிலத்தில் பங்கில்லை என்பது முஸ்லிம் குடிகளின் வழக்கமாகவும் பதிவாயிற்று. கேட்கப்படாத பெண்களுக்கு எதிரான இத்தகைய பதிவுகளின் சான்றுவலிமை குறைவு என்று பிரிவி கவுன்சில் பின்னர் 1940களின் தொடக்கத்தில் கருதியது. பஞ்சாபிப் பெண்ணுக்கு ஷரீஅத்தின் அரைப்பங்கு ஒன்றுமின்மையிலிருந்து கிடைக்கும் பேறு. மலபார், தீவுப் பெண்ணுக்கோ அதே அரைப்பங்கு, குடும்பத்து உடைமை முழுதும் தன்வழி இறங்கிய நிலையிலிருந்து இறக்கம். 1937ஆம் ஆண்டின் ஷரீஅத்துச் சட்டம் வழக்கம் எதுவாயினும் இஸ்லாமியச் சட்டமே செல்லும் என்று இந்தியா முழுமைக்கும் ஒரே வாக்கியத்தில் கூறியபோது இவ்விரு பெண்களையும் ஒருங்கே நோக்கியது. வேளாண் நிலத்தை விலக்கி வைத்ததன் மூலம் பஞ்சாபிப் பெண்ணுக்குப் பயன்பட வேண்டிய இடத்திலேயே அது நின்றுவிட்டது. சென்னை மாகாணம் 1949இல் அவ்விலக்கை நீக்கியது. மேற்குப் பஞ்சாப் 1948இலேயே நீக்கியிருந்தது.

தமிழகக் கடற்கரையின் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மூன்றாவது ஒரு வழி காணப்படுகிறது. அங்கே தறவாடு இல்லை. வாரிசுப் பங்கீட்டில் ஷரீஅத்தே செல்லும். ஆனால் வீட்டைப் பெற்றோர் தம் வாழ்நாளிலேயே மகளுக்குக் கொடுத்துவிடுவர். கணவன் அங்கே வந்து வாழ்வான். வாழ்பவர் தம் பொருளைக் கொடையாக அளிப்பதை ஷரீஅத்து தடுப்பதில்லை. இறந்தபின் பிரிப்பதைப் பற்றிய சட்டத்திற்கு வீடு எஞ்சுவதேயில்லை. பெண்ணின் உறைவிடத்தைக் காக்கும் நோக்கம் ஒன்றே. தீவில் அதற்குக் கருவி பெயர், இங்கே கருவி காலம்.

எக்கிழமைக்குரிய வீடு

1956 நவம்பர் முதல் நாள் தீவுகள் ஒன்றியப் பகுதியாயின. தலைமையிடம் கோழிக்கோட்டிலிருந்து 1964இல் கவரத்திக்கு வந்தது. 1973இல் இலட்சத்தீவு என்னும் பெயர் ஏற்பட்டது. பள்ளிகளும் அலுவலகங்களும் வந்தன; அவற்றோடு மாதச் சம்பளமும் வந்தது. சம்பளம் தனி மனிதருக்கு உரியது. ஆகவே ஐயமின்றித் திங்களாழ்ச்சையது. தென்னந்தோப்பு வளர்வதில்லை, தறவாட்டு மக்கள்தொகை வளர்கிறது. தறவாடுகள் தாவழிகளாகப் பிரிந்தன. ஒரு பக்கத்தில் வெள்ளியாழ்ச்சச் சொத்து துண்டுபட, மறுபக்கத்தில் திங்களாழ்ச்சச் சொத்து பெருகிற்று. சட்டம் எதுவும் திருத்தப்படாமலேயே, எடை ஒரு தட்டிலிருந்து மறு தட்டிற்கு நகர்ந்தது.

இரவில் மட்டும் வந்துபோன கணவன் மனைவி மக்களோடு உடனுறையத் தொடங்கியபோது தனி வீடு தேவைப்பட்டது. அதனை அவன் தன் சம்பளத்தில் கட்டுகிறான். கட்டுவது பெரும்பாலும் மனைவியின் தறவாட்டு மண்ணில். மண் வெள்ளி, சுவர் திங்கள். நிலத்தையும் மரத்தையும் வேறுவேறு உரிமையாகக் கண்டு பழகிய தீவினர்க்கு இது புரியாத நிலையன்று. ஆனால் தென்னையைப் பங்கிடலாம். வீட்டைப் பங்கிடுவது அத்தனை எளிதன்று. கணவன் மனைவியையும் இரு மகள்களையும் ஓர் உடன்பிறந்தானையும் விட்டு இறந்தான் எனக் கொள்வோம். ஷரீஅத்துப்படி அவ்வீட்டை 24 பாகமாகக் கொண்டால் மனைவிக்கு 3, மகள்கள் இருவருக்கும் சேர்த்து 16, எஞ்சிய 5 உடன்பிறந்தானுக்கு. அவன் வேறு தறவாட்டைச் சார்ந்தவன். பழைய முறையில் அண்ணனின் மனைவி வாழும் வீட்டில் அவனுக்கு எந்தத் தொடர்பும் இருந்திராது. இன்று அந்தப் பெண் தன் தாயின் மண்மேல், தன் கணவனின் தம்பிக்கு உரிய ஐந்து பாகத்தோடு குடியிருக்கிறாள்.

இதனைத் தவிர்க்க ஒரு வழி, கணவன் தன் வாழ்நாளிலேயே வீட்டைக் கொடையாக எழுதிவைப்பது. காயல்பட்டினத்துப் பெற்றோர் மகளுக்குச் செய்வதைத் தீவுக் கணவன் மனைவிக்குச் செய்கிறான் எனலாம். ஆவணத்தில் அவன் ‘மனைவிக்கு’ என்று எழுதினால் வீடு அவளுடைய தனிப்பொருளாகி, அவளுக்குப்பின் மகனுக்கு இரண்டும் மகளுக்கு ஒன்றுமாகப் பிரியும். ‘மனைவிக்கும் மக்களுக்கும்’ என்று எழுதினால், கரையில் சென்னை உயர்நீதிமன்றம் மேற்கொண்ட நோக்கின்படி அது தாவழிச் சொத்தாகி, மகள்கள் வழியே இறங்கத்தக்கது. முன்னது திங்கள், பின்னது வெள்ளி. ஒரு கொடைப் பத்திரத்தைப் பெயர்ப்பவர் அந்த ஓர் எண்ணும்மையை விட்டுவிட்டால் வீடு கிழமை மாறிவிடும்.